தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டேன்

பாலு நகரின் தெற்கே தகரக் கூரை மதரஸாவில்
நான்காம் வகுப்புக்கு நான் பொருள் சொல்கிறேன்.
ஓதச் சொல்லித்தர வேறொருவர் இருக்கிறார்.
அவரிடம் படித்தவர்கள் வாய்ப்பாடு போலப் பொழிவார்கள்;
எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்பதுவரை அத்துப்படி.
அந்த மூச்சுக்கு அடியில் என்ன கிடக்கிறது
என்று காட்டுவது என் வேலை.

பாடத்துக்கு எட்டுச் சொற்கள்.
தலைமையாசிரியர் பாக் தமூரின் கணக்கு.
அட்டை வெட்டினேன்: அரபுக்குப் பச்சை, எங்கள் மொழிக்கு மஞ்சள்.
கடைசி அத்தியாயத்தில் தொடங்கிப் பின்னோக்கி வந்தோம்.
யானை வந்த அன்று பெஞ்சுகள் பிளிறின.
நூறாவதில் குதிரைகளுக்கு மூச்சிரைத்தது;
அதைக் காட்டுகிறேன் என்று நால்வர் வகுப்பைச் சுற்றி ஓடி
ஒருவனுக்கு முழங்கால் சிராய்ப்பு.
அடுத்த வாரம் தொண்ணூற்றெட்டு.

"இபூ, நடுவில் ஒன்று போச்சே" என்றாள் நுர்ஃபாயிஸா.
பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்றேன்.

பக்கம் ஒட்டவில்லை.
இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வயதிருக்கையில்
ஒரு மஃக்ரிப் வேளையில் இங்கே பூமி கூழாகி நடந்தது.
தென்னைகள் நின்றவாக்கில் அடுத்தவர் நிலத்துக்குப் போயின.
நான் அன்று மனாடோவில் கல்லூரி விடுதியில் இருந்தேன்,
மேஜைமேல் தண்ணீர் டம்ளர்கூடச் சிந்தவில்லை.
நிலம் நடுங்குவதன் பொருளை
நானா இவர்களுக்கு மஞ்சள் அட்டையில் எழுதுவது?

மூன்றாம் வாரம் மின்சாரம் இல்லை. இருட்டும் புழுக்கமும்.
யாரோ தொடங்க, எல்லாரும் சேர்ந்து ஓதினார்கள் அதையே,
எட்டு வரி, ஒரே ஓட்டம்.
நாலாவது வரியில் அர்டின் மட்டும் நின்றுவிட்டான்.
"இபூ, இந்த அக்பார், நம்ம கபார்தானா?
'ஆப்பா கபார்' என்று கேட்போமே, அந்தக் கபார்?"

அதேதான். அது ஒருமை, இது பன்மை.
செய்திகள்.
வகுப்பு குலுங்கிச் சிரித்தது:
தெருவில் தினமும் நாலு பேரிடம் கேட்டது அரபு என்று
யாருமே சொல்லவில்லையாம்!
மீன்காரருக்கு அரபு தெரியும், கறிக்கடைக்காரருக்குத் தெரியும்,
மூலையில் கட்டிய ஆட்டுக்குத்தான் தெரியாது.

எழுது பார்க்கலாம் என்றேன்.
பலகைக்குப் போனவன் லத்தீன் எழுத்தில்
'ஆ' வரவேண்டிய இரண்டிடத்திலும் 'ஊ' போட்டான்.
குபுர்.
புதைகுழி.

யாரும் சிரிக்கவில்லை.
நான் சாக்கட்டியை வாங்கி, அரபில் இரண்டையும் எழுதி,
பாருங்கள், முதலெழுத்தே வேறு,
ஒன்று தொண்டையை உரசும், ஒன்று அடித்தொண்டையில் தட்டும்
என்று இலக்கணம் பேசிக்கொண்டே போனேன்.
இலக்கணம் இருக்கிறதே என்று இருந்தது.

அர்டின் இன்னும் பலகையைப் பார்த்தபடி:
"நிலம் சொல்லுமென்றால்
எந்த வீட்டை எங்கே கொண்டுபோய் வைத்தது என்றும் சொல்லுமா?
எங்க வீட்டுக்கு நீலக் கேட் இருந்ததாம்.
அக்கா அதில் ஏறி ஆடுவாளாம்."
பிறகு,
"காய்லியில் சொன்னால்தான் அம்மாவுக்கு நல்லாப் புரியும்."

தன் முதுகில் மனிதர் செய்ததையெல்லாம் நிலம் சொல்லும்;
பயிற்சியில் அப்படித்தான் விரிவுரை கேட்டேன்.
முதுகுக்குக் கீழே இருப்பதைப் பற்றி
இவன் கேட்கிறான்.

பின்பெஞ்சிலிருந்து நுர்ஃபாயிஸா,
என்னிடம் அல்ல, அவனிடம்:
"அதுக்கு முன்னாடி இரண்டாவது வரி இருக்கே, அஸ்கால்.
இபூ, அஸ்கால்னா?"
பாரங்கள், என்றேன்.
"முதல்ல பாரத்தையெல்லாம் வெளியே எடுத்துப் போடும்.
அப்புறம்தான் பேசும்.
கேட் பாரம்தானே?"
அவன் சற்று யோசித்தான்.
"இரும்பு" என்றான்.
"அப்போ பாரம்."

உட்கார்ந்தான்.
பக்கத்து வீட்டில் யாரோ முருங்கைக்கீரையைத்
தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டிருந்தார்கள்;
மணியடிக்குமுன்பே பாதி வகுப்பு அந்த வாசனையில் எழுந்துபோனது.

பதிவேட்டில் எழுதினேன்:
அத்தியாயம் தொண்ணூற்றொன்பது.
முடித்த சொற்கள், எட்டுக்கு இரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்,
மின்தடை.